வோல்ட் இருக்கிறது, சூடுதான் இல்லை

கல்லறைத் தோட்டத்தைத் தாண்டியதும் ஒரு மேடு வரும். அந்த மேட்டில் நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கிய நேரம் பார்த்து அந்த மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. இந்த வசந்தத்தில் இது மூன்றாவது தடவை.

ரோஸ்வித்தா நேகெலே காரை நிறுத்தவில்லை. பின்னால் பதினோரு சாப்பாட்டுப் பெட்டிகள் இருந்தன. பயறுக் குழம்பு, ஸ்பெட்ஸ்லெ என்கிற முட்டை நூடுல்ஸ், ஆளுக்கு ரெண்டு சாசேஜ். ஆறிப்போனால் ஸ்பெட்ஸ்லெ பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"எரி. நல்லா எரி. உனக்கு நேரங்காலமே கிடையாது," என்று விளக்கிடம் சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது, ரெண்டு பிள்ளைகளை வளர்த்து அனுப்பியது எல்லாம் ப்ரூன்ஹால்டனில்தான். தெற்கு ஜெர்மனியில், ஷ்வாபியா மேட்டு நிலத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். சம்பளத்துக்கு என்று அவள் எங்கும் போனதில்லை. "நீங்க வேலைக்குப் போகலையா?" என்று யாராவது கேட்டால், "அப்ப வீட்டுல பாக்குறது என்ன, விளையாட்டா?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர் அதற்கப்புறம் கேட்க மாட்டார்.

ஒன்பது வருடமாக, ஊர் உதவிச் சங்கம் சமைக்கும் மதியச் சாப்பாட்டை, மேட்டில் தனித்தனிப் பண்ணைகளில் இருக்கும் கிழவர் கிழவிகளுக்குத் தன் பழைய வெள்ளி நிறக் காரில் கொண்டு போய்க் கொடுக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள். வைத்துவிட்டு ஓடிவருகிற ஆள் அவள் இல்லை. கடைசி வீட்டு கிளெமென்ஸ் ரூஃபுக்கு எண்பத்தெட்டு வயது. கை நடுங்கும். பெட்டியின் மூடியை அவரால் திறக்க முடியாது. இவள் திறந்து, சாசேஜை வெட்டிக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, "உப்பில்ல" என்று அவர் சொல்வதற்கு, "உங்க நாக்குல ருசி இல்ல" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். இந்தச் சண்டை இல்லாவிட்டால் அவர் பாதிதான் சாப்பிடுவார்.

இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை காரைச் சோதனைக்குக் காட்டி, நம்பர் பிளேட்டில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஏப்ரலில் போனபோது இந்த மஞ்சள் விளக்கினால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுசோதனைக்கு ஒரு மாதம் கெடு. கெடுவின் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. சங்கத்து ஷ்டோல் மேடமும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்குள் ஸ்டிக்கர் இல்லையென்றால், காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், திங்கள் முதல் சாப்பாட்டை ஒரு டெலிவரி கம்பெனியிடம் கொடுத்துவிடுவோம். கம்பெனி ஆள் பெட்டியை வாசலில் வைத்து, மணி அடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவான். ரூஃப் கிழவர் மூடியை என்ன, பல்லால் திறப்பாரா?

வியாழன், இயேசுவின் விண்ணேற்ற நாள் விடுமுறை. அதற்கு அடுத்த வெள்ளி, விடுமுறைக்கும் வாரக்கடைசிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாள். பாதி ஊர் வேலைக்கே வராது. சோதனை நிலையம் பன்னிரண்டு மணிவரைதான். இன்று செவ்வாய்.

பெட்டிகளைக் கொடுத்து முடித்து, ரெண்டு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் கெப்ஹார்ட் வால் நடத்தும் கார்ப் பட்டறையில் காரை நிறுத்தினாள். கெப்ஹார்ட் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். மூன்றாம் வகுப்பில் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதினவன். காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"மறுபடியுமா ரோஸி?"

"இல்ல, உன் மூஞ்சிய ரசிக்க வந்தேன்."

அவன் எழுந்து வந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கருவியைச் சொருகிப் பார்த்தான். பார்ப்பதற்கு முன்பே பதில் அவன் முகத்தில் இருந்தது.

"அதே எரர் கோடுதான். முன்பக்க ஆக்சிஜன் சென்சார். ஹீட்டர் சர்க்யூட்."

இந்த வார்த்தைகளை ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. புகைக்குழாயில் ஒரு மூக்கு இருக்கிறது. புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் அதிகமா குறைவா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்த மூக்கு சூடாக இருந்தால்தான் மோக்கும். அதனால் அதற்குள் தீக்குச்சி அளவில் ஒரு ஹீட்டர். நாலு கம்பி. கறுப்பும் சாம்பலும் மூக்குக்கு. ரெண்டு வெள்ளைக் கம்பி ஹீட்டருக்கு. அந்த ஹீட்டருக்குத்தான் ஏதோ கேடு.

முதல் தடவை விளக்கு எரிந்தபோது கெப்ஹார்ட், "மரநாய் கடிச்சிருக்கும்," என்றான். இந்த ஊரில் காரில் எது கெட்டாலும் முதலில் மரநாய்தான் குற்றவாளி. ராத்திரி சூடான இன்ஜினுக்குள் ஏறிப் படுத்து, கம்பியையும் ரப்பர் குழாயையும் கடித்துத் துப்பிவிட்டுப் போகிற பிராணி. ஆனால் அந்தத் தடவை கடித்த தடமே இல்லை. அதனால் சென்சாரை மாற்றினான். ஒன்பதாம் நாள் விளக்கு வந்தது. இன்னொரு சென்சார் மாற்றினான். இதோ மூன்றாவது தடவை.

"சென்சார மாத்தியாச்சே. ரெண்டு தடவ," என்றாள் ரோஸ்வித்தா.

"மொதல்ல போட்டது மலிவுச் சரக்கு. ரெண்டாவதுதான் அசல்."

"மலிவுன்னு அன்னிக்குச் சொல்லலையே. 'இது உன் பேரன் காலம் வரைக்கும் ஓடும் ரோஸி'ன்ன."

"சரக்கு அப்படி அமைஞ்சுபோச்சு, நான் என்ன பண்ண?"

"இரு. கார்ல மொதமொத இருந்துச்சே, அந்தப் பழைய சென்சார். அத அளந்து பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா. ஹீட்டர் ஆறு ஓம் காட்டுச்சு."

"புதுசு எவ்வளவு காட்டணும்?"

"ஆறு."

"அப்ப பழசுல என்னடா கேடு?"

கெப்ஹார்ட் கந்தல் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைத்தான். "கோடு சென்சார்னு சொல்லுச்சு."

"கோடு ஹீட்டர் சர்க்யூட்னு சொல்லுச்சு. நானே வாசிச்சேன். சர்க்யூட்னா சென்சார் மட்டுந்தானா? கம்பி கிடையாதா?"

"கம்பியப் பாக்காம விட்டேன்னு நெனைக்கிறியா? வா, உனக்கே காட்டுறேன்." சென்சாரின் இணைப்பைக் கழற்றினான். மீட்டரின் ஒரு முனையை அதற்குள் விட்டான், இன்னொன்றை இன்ஜினின் இரும்பில் வைத்தான். "வண்டிய ஸ்டார்ட் பண்ணு." பண்ணினாள். "எவ்வளவு காட்டுது?"

"பன்னெண்டு."

"நல்லாப் பாரு. பன்னெண்டுக்கு மேலயே இருக்கு. கரண்ட் ஒழுங்கா வருது. சென்சார் புதுசு. அப்ப மிச்சம் இருக்கிறது இன்ஜின் கம்ப்யூட்டர்தான். அது ஹீட்டர இயக்க மாட்டேங்குது. வேற போடணும்."

"எப்ப வரும்?"

"நடுவுல லீவு வேற. பத்து நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழம எனக்குக் கடைசி நாள்."

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டே பத்து நாள்ங்கிற. உங்க அம்மா உசுரோட இருந்து அந்த மேட்டுல தனியா இருந்திருந்தா அஞ்சு நாள்ன்னிருப்ப."

கெப்ஹார்ட் கருவியை மறுபடி கையில் எடுத்தான். கோட்டை அழித்து, விளக்கை அணைத்து, காரைக் கொடுத்தான். ரெண்டு மூன்று நாளில் திரும்ப எரியும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்கு அவள் கணவன் ஒய்கேன் வேலை முடிந்து வந்தான். கதவுக் கீல் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடமாக அளவு பார்ப்பவன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினாலும் தூக்கிப் போடுகிறவன். அதனாலேயே தான் செய்தது எதுவும் தப்பாக இருக்காது என்ற எண்ணம் அவனுக்கு எலும்பில் ஊறியிருந்தது. ரொட்டி, சாசேஜ், ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு ரோஸ்வித்தா பட்டறைக் கதையைச் சொன்னாள்.

"மரநாயா இருக்காது," என்றான் ஒய்கேன், யாரும் கேட்காமலே. "நான்தான் போன அக்டோபர்ல அந்தப் பொட்டிய மாட்டினேனே. அதுக்கப்புறம் ஒரு மயிரு கூட உள்ள வரல."

மரநாயை விரட்டும் பெட்டி. கீச்சென்று மனிதக் காதுக்குக் கேட்காத சத்தம் போடும், தகடைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதை மாட்டிய கதையை இதுவரை அவன் முப்பது பேருக்காவது சொல்லியிருப்பான்.

"மரநாயப் பத்தி யாரு பேசினா? கெப்ஹார்ட் கம்ப்யூட்டர்ங்கிறான்."

"பன்னெண்டு வோல்ட் வருதுன்னா கரண்ட் வருது. சென்சாரும் புதுசு. மிச்சம் கம்ப்யூட்டர்தான. அவன் சொல்றது சரி."

ரோஸ்வித்தா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நம்ம இஸ்திரிப்பெட்டி ஞாபகம் இருக்கா?"

"அது எதுக்கு இப்ப?"

"கீழ நிலவறையில செவப்பு லைட்டு எரிஞ்சுது, பெட்டி சூடே ஆகல. லைட்டு எரியுது, கரண்ட் வருது, பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நீ புதுசு வாங்கிட்டு வந்த. புதுசும் சூடாகல. கடைசியில ஸாக்கெட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. லைட்டுக்கு ஒரு துளி கரண்ட் போதும், அது அந்த லூசுலயும் ஒழுகி வந்துச்சு. சூடாக்க நெறைய வேணும், அது வரல."

"வீட்டு வயர் வேற, கார் வேற."

"கரண்ட்டுக்குத் தெரியுமா அது வீடா காரான்னு?"

ஒய்கேன் வெள்ளரியைக் கடித்தான். பழைய இஸ்திரிப்பெட்டி அவனுக்குப் பிடித்த பேச்சு இல்லை.

அவள் எழுந்துபோய், கார் டிக்கியில் கிடந்த உதிரி பல்புப் பெட்டியிலிருந்து ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு அவள் மறுபடி பட்டறையில் நின்றாள். கெப்ஹார்ட் காபிக் கோப்பையோடு வந்தான்.

"ரோஸி, நேத்துதான சொன்னேன்."

"சொன்ன. இப்ப நான் சொல்றேன். நேத்து நீ மீட்டர் வச்ச அதே எடத்துல இந்த பல்ப மாட்டு."

"பல்பா?"

"ஆமா. உன் மீட்டர் கொசு மாதிரி. ஒரு துளி உறிஞ்சிட்டு ரத்தம் இருக்குன்னு சொல்லும். ஹீட்டர் அறுவடைக்கு வந்த ஆள் மாதிரி, அதுக்குத் தட்டு நெறையப் போடணும். போட முடியுதான்னு பாரு."

கெப்ஹார்ட் பல்பை வாங்கிக்கொண்டான். தொழில் படித்தபோது இதை அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சுமை ஏற்றாமல் அளந்தால் வோல்ட் பொய் சொல்லும் என்று. முப்பத்தைந்து வருடத்தில் கருவி கோடு சொல்லிச் சொல்லி, அந்தப் பாடம் எங்கேயோ அடியில் போய்விட்டது. கோப்பையை வைத்துவிட்டு ரெண்டு துண்டு கம்பியைத் தேடி எடுத்தான்.

பல்பின் ஒரு காலை இணைப்பில் மாட்டினான், இன்னொன்றை இன்ஜின் இரும்பில். ரோஸ்வித்தா காரை ஸ்டார்ட் செய்தாள். பல்புக்குள் ஒரு சிவந்த நூல் தெரிந்தது. அணையப்போகிற சுருட்டு மாதிரி.

"இதுதான் உன் பன்னெண்டு வோல்ட்டா?"

கெப்ஹார்ட் அதே பல்பை நேராக பேட்டரியில் வைத்தான். கண் கூசியது. திரும்ப இணைப்புக்குக் கொண்டுவந்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரையும் வைத்தான். நாலு வோல்ட்.

"நாலு," என்றான், ஏதோ அவளுக்குத் தெரியாத மாதிரி.

"எட்டு எங்க போச்சு?"

"வழியில எங்கயோ தின்னுடுது."

"அந்த எங்கயோவத் தேடு. கம்ப்யூட்டர அப்புறம் பாத்துக்கலாம்."

வெள்ளைக் கம்பி, இணைப்பைத் தாண்டினால் வேறு நிறத்தில் மாறி, நெளிக்குழாய்க்குள் புகுந்து, பேட்டரிக்கு அடியில் போனது. கெப்ஹார்ட் குழாயைப் பிளந்து கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனான். பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தான், அது உட்கார்ந்திருந்த தட்டையும் எடுத்தான். அங்கே, கம்பியைச் சுற்றி விரல் நீளத்துக்குக் கறுப்பு டேப். ஒரு சுற்றின் மேல் அடுத்தது சரியாகப் பாதி ஏறும்படி, ஒரு சுருக்கம் இல்லாமல், முனையைச் சாய்வாக வெட்டி ஒட்டிய டேப்.

"பாக்டரியில கூட இவ்வளவு அழகா சுத்த மாட்டாங்க," என்றான் கெப்ஹார்ட்.

ரோஸ்வித்தாவுக்கு அந்தச் சுற்றைத் தெரியும். அவள் வீட்டு மண்வெட்டிப் பிடி, தோட்டத்து ரப்பர் குழாய், கிறிஸ்துமஸ் விளக்கு வயர், எல்லாம் இப்படித்தான் சுற்றியிருக்கும்.

"பிரி," என்றாள்.

டேப்புக்குள் ஒரு நீல பிளாஸ்டிக் கவ்வி. அதைத் திறந்தபோது பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே கம்பியின் இழைகளில் பாதி அறுந்து, மிச்சம் ஈரத்தில் அரித்துப்போய், மூன்றோ நாலோ இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது.

"அட, மின்திருடன்."

"எவன்?"

"இந்தக் கவ்விக்குத் தொழில்ல அதுதான் பேரு. மின்திருடன். ஓடுற கம்பி மேல வச்சு குறடால அழுத்தினா, உள்ள இருக்கிற சின்னக் கத்தி உறையக் கிழிச்சு செம்புல கடிக்கும். அங்கேருந்து கரண்ட் திருடிக்கலாம். அவசரத்துக்கு எல்லாரும் போடுறதுதான். ஆனா ஈரம் படுற எடத்துல போட்டா ஒரு மழைக்காலம் தாங்காது." கவ்வியிலிருந்து மெல்லிய சிவப்புக் கம்பி ஒன்று பிரிந்து போனது. கெப்ஹார்ட் அதைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் முடித்தான். மரநாய் விரட்டும் பெட்டி. அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"நீ சிரிக்காத," என்றாள் ரோஸ்வித்தா. "ஒரு கேடும் இல்லாத சென்சார ரெண்டு தடவ மாத்தினவன் சிரிக்கக் கூடாது."

"இல்ல ரோஸி, எல்லாரும் மரநாயத் தேடினோமே, கடிச்சது..."

"கடிச்சது என் புருஷன். எனக்குக் கண்ணு தெரியுது. வெட்டி எறிஞ்சிட்டு நல்ல கம்பி வை. இன்னும் பதினோரு பேருக்கு நான் சாப்பாடு கொண்டு போகணும்."

அரித்த துண்டை வெட்டி, புதுக் கம்பி வைத்து, ஈயத்தால் பற்றவைத்து, மேலே சுருங்கும் ரப்பர் உறை போட்டான். மறுபடி பல்பு. இந்தத் தடவை வெயில் மாதிரி எரிந்தது. கோட்டை அழித்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை சொன்னான். கோட்டை அழித்தால் காரின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே மறுபடி சோதித்து முடிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின், சூடான இன்ஜின், மெதுவாக, வேகமாக, நின்று ஓடி. அது முடியாமல் போனால் சோதனை நிலையத்தில், நேற்றுத்தான் அழித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எவ்வளவு தூரம் ஓட்டணும்?"

"எவ்வளவு முடியுமோ. நாளைக்கு லீவுதான, நாள் பூரா ஓட்டு."

அன்று சாயங்காலம் மேசையில் ரொட்டி இல்லை, சாசேஜ் இல்லை. ஒய்கேனின் தட்டில் அந்த நீலக் கவ்வி மட்டும் இருந்தது.

அவன் உட்கார்ந்தான். பார்த்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"இது நான் போட்டது."

"உன் டேப்ப நான் நூறடி தள்ளி நின்னே கண்டுபிடிப்பேன்."

"பொட்டிக்குள்ள இருந்த காயிதத்துல எழுதியிருந்துச்சு. வண்டி ஓடும்போது பொட்டி சும்மா இருக்கணும்னா, சாவி திருப்பினா கரண்ட் வர்ற கம்பி ஒண்ணு வேணும்னு. அஞ்சு கம்பிய டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். இதுதான் கைக்கு எட்டுச்சு."

"அது எதுக்குப் போற கம்பின்னு பாத்தியா?"

"கரண்ட் வந்துச்சு."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. கரண்ட் வந்துச்சு, கரண்ட் வந்துச்சு. மரநாய் கடிச்சிருந்தா ஒரே கடியோட போயிருக்கும். நீ டேப் சுத்தி மறச்சு வச்ச. அழகா வேற சுத்தி வச்ச, யாருக்கும் சந்தேகமே வராத மாதிரி."

ஒய்கேன் கவ்வியை விரல் நுனியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொழிற்சாலையில் அளவு தப்பின கீலைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான். ஆனால் தூக்கிப் போட எழுந்திருக்கவில்லை.

"சாப்பாடு?" என்று கேட்டான்.

"அடுப்புல இருக்கு. உனக்குக் கரண்ட் வருதான்னு பாத்துட்டு எடுத்துக்க."

விண்ணேற்ற நாளில் ஊர் ஆண்கள் எல்லாரும் தள்ளுவண்டியில் பீர்ப் பெட்டி ஏற்றிக்கொண்டு, பாடிக்கொண்டு காட்டுப் பாதையில் போவார்கள். ஒய்கேன் பாட்டுச் சங்கத்தோடு இருபது வருடமாகப் போகிறவன். இந்த வருடம் காலை எட்டு மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே ரோஸ்வித்தாவின் காரில் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். அவள் சாவியைத் திருப்பினாள்.

மேட்டு நிலம் முழுக்க ஓட்டினாள். பள்ளத்தில் இறங்கி, பெரிய சாலையில் நூறில் போய், திரும்ப ஏறி, ஊருக்குள் நின்று நின்று. ஒய்கேனின் கண் டாஷ்போர்டை விட்டு நகரவில்லை.

"எரியல," என்றான்.

"சொல்லாத. பால் பொங்குதான்னு பாத்துகிட்டே நின்னா பொங்காது, திரும்பினா பொங்கும். இது தலைகீழா இருந்து தொலைக்கப்போவுது. ஜன்னலப் பாரு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். பண்ணைப் பாதை திரும்புமிடத்தில் பாட்டுச் சங்கம் முழுவதும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கழன்றிருந்தது. ஏழு பேர் அதைப் பற்றி ஏழு கருத்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒய்கேன், இறங்கு, ஒரு பீர் குடி," என்று ஒருவன் கண்ணாடியைத் தட்டினான். "வீட்டுல அரஸ்ட்டா?"

"காருக்கு சோதன ஓட்டம்," என்றான் ஒய்கேன்.

"மரநாயா?"

ஒய்கேன் மனைவியைப் பார்த்தான். ரோஸ்வித்தா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றான். "கம்பி."

தள்ளுவண்டியை ஓரம் இழுத்தார்கள். கார் நகர்ந்தது. ரெண்டு வளைவு தாண்டின பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே ஒய்கேன் சொன்னான்:

"கம்பிய ஈயத்துல பத்த வச்சிருக்கணும்."

முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் இதற்கு மேல் ஒரு மன்னிப்பை அவனிடமிருந்து ரோஸ்வித்தா கேட்டதில்லை. அவளும் "ம்" என்றாள். விளக்கு எரியவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குச் சோதனை நிலையத்துக்குப் போனபோது முன்னால் ஆறு கார்கள். விடுமுறைக்கு நடுவில் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று இவளைப் போலவே எல்லாரும் புத்திசாலிகள். ஒரே ஒரு அதிகாரிதான் வந்திருந்தார். இவள் முறை வரப் பத்தேகால் ஆனது. அவர் கருவியைச் சொருகினார், படித்தார், மறுபடி கீழே தள்ளிப் படித்தார்.

"கோடு எப்ப அழிச்சீங்க, நேகெலே அம்மா?"

"புதன்."

"ம்." இன்னும் கீழே தள்ளினார். ரோஸ்வித்தா கைப்பையின் வாரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எங்க ஓட்டினீங்க? எல்லாச் சோதனையும் முடிஞ்சிருக்கே. பொதுவா ஒரு வாரம் ஆகும்."

"நேத்து நாள் பூரா ஓட்டினேன்."

"விண்ணேற்ற நாள்லயா? ரோட்டுல குடிகாரங்க இருந்திருப்பாங்களே."

"ஒருத்தன பக்கத்துலயே உக்கார வச்சுகிட்டேன், குடிக்கவிடாம."

புகைக்குழாயில் கம்பியை விட்டு அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கரை எடுத்து நம்பர் பிளேட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். இந்த வட்டாரத்தில் திட்டவில்லை என்றாலே அது பாராட்டு. ரோஸ்வித்தா தாளை வாங்கிக்கொண்டு நேராகச் சங்கத்துக்கு விட்டாள்.

பதினோரு மணி ஆகப் பத்து நிமிடம். சமையலறையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அலுவலகத்தில் ஷ்டோல் மேடம் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அடடா ரோஸ்வித்தா. பாஸ் ஆயிடுச்சா? சந்தோஷம். ஆனா பாருங்க, இன்னிக்கு நான் சீக்கிரம் கிளம்பணும். அதனால பத்து மணிக்கே கம்பெனிக்கு எழுதிட்டேன். திங்கள்லேருந்து அவங்க வர்றாங்க."

ரோஸ்வித்தா சோதனைத் தாளை மேசையின் மேல் வைத்தாள். அதன் மேல் உள்ளங்கையையும் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமதான் கடைசி நாள்னு சொன்னீங்க."

"சொன்னேன், ஆனா பத்து மணி வரைக்கும் உங்ககிட்டேருந்து ஒரு தகவலும் இல்ல..."

"நாள்னா நாள் முடியிற வரைக்கும். பத்து மணிக்கு முடியிற நாள நான் எங்கயும் பாக்கல."

"மெயில் போயிடுச்சே."

"போனதுக்குப் பின்னாடி இன்னொண்ண அனுப்புங்க, ஓடிப் பிடிச்சுக்கும். இல்ல, போன் பண்ணுங்க. பிடிக்க இன்னும் சுலபம்."

"இன்னிக்கு அங்கயும் ஆள் இருக்கிறாங்களோ என்னவோ."

"சாப்பாடு கொண்டு போற கம்பெனியில வெள்ளிக்கிழம ஆள் இல்லன்னா, அவங்ககிட்டயா ரூஃப் ஐயாவ விடப் போறீங்க?"

ஷ்டோல் மேடம் கோட்டின் ஒரு கையை மாட்டியும் ஒரு கையை மாட்டாமலும் நின்றார். "ரோஸ்வித்தா, உங்க குணம் எனக்குத் தெரியும். ஆனா இப்படி மேசைய அழுத்திக்கிட்டு நின்னா..."

"அழுத்தல. நிக்கிறேன். பெட்டியெல்லாம் ஏத்திட்டு வர்றேன், நீங்க பேசிக்கிட்டிருங்க."

பதினோரு பெட்டிகளையும் ரெண்டு ரெண்டாகத் தூக்கிக் காரில் வைத்தாள். ஒவ்வொரு தடவை அலுவலகக் கதவைத் தாண்டும்போதும் உள்ளே பார்த்தாள். முதல் ரெண்டு தடவை ஷ்டோல் மேடம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை காதில் வைத்திருந்தார், காத்திருப்பு இசை கசிந்தது. ஐந்தாவது தடவை யாரிடமோ, "ஆமா, தெரியும், இப்பதான் ஒத்துக்கிட்டோம், ஆனா அந்தம்மா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியை வைத்து டிக்கியைச் சாத்திவிட்டு ரோஸ்வித்தா வாசற்படியில் வந்து நின்றாள்.

ஷ்டோல் மேடம் போனை வைத்தார். கோட்டின் மிச்சக் கையை மாட்டினார்.

"ரத்து பண்ணிட்டேன். அவங்களுக்குக் கோவம்."

"உங்ககிட்டதான கோவம். பரவால்ல," என்றாள் ரோஸ்வித்தா. "திங்கட்கிழம என்ன சமையல்?"